வினாக்கொத்தும் கேட்டார் கடனும்

எம்மை ஆளாக்கிய கல்லூரியின் யூபிலியை முன்னிட்டு மலர்க்குழுவினர் பழைய மாணவர்களுக்கு ஒரு வினாக்கொத்தினை அனுப்பியிருந்தனர். கல்லூரியில் யாம் பெற்ற பயன் யாது, கண்ட குறை யாது, இனி அது செய்யவேண்டுவது யாது என இருபது வினாக்கள் அதன்கண் இருந்தன. ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். பொருந்தும் கட்டத்திற் புள்ளடி இடுக என்பது அறிவுறுத்தல். பன்னிரண்டு வினாக்களுக்குத் தடையின்றிப் புள்ளடியிட்டோம். பதின்மூன்றாம் வினா, ‘விடுதி வாழ்க்கை உமக்குத் திருப்தியளித்ததா?’ என்பது. அங்கே எம் பேனா நின்றுவிட்டது.

தொண்ணூறுகளில் அடம்பனிலிருந்து வந்து அவ்விடுதியில் தங்கிப் பயின்றோம். அரிசியும் மண்ணெண்ணெயும் அரிதாயிருந்த காலம் அது. ஒரே விளக்கைச் சுற்றி எண்மர் இருந்து படிப்போம். வயிறு நிறையாத இரவுகள் பல. ஆயினும், தன் பங்கிற் பாதியை எமக்குத் தந்த நண்பனை யாம் கண்டது அவ்விடத்திலேதான். நள்ளிரவில் ஓசையின்றி வந்து விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுச் சென்ற ஆசிரியரைக் கண்டதும் அவ்விடத்திலேதான். இதனைத் திருப்தி என்பதா, திருப்தியின்மை என்பதா? நெடுநேரம் எண்ணியிருந்து, ஈற்றில் நடுக்கட்டத்திற் புள்ளடியிட்டோம். அப்புள்ளடியைக் காண்பவர் எம்மைப்பற்றியோ விடுதியைப்பற்றியோ எதனை அறிந்துகொள்வார்?

மலர்க்குழுவினரைக் குறைகூறும் நோக்கம் எமக்கு இல்லை. கேட்டார்களே என்பதிற் பெருமகிழ்ச்சியே அடைந்தோம். ஆயினும் அந்நடுக்கட்டம், பல ஆண்டுகளாக எம் நெஞ்சில் இருந்துவரும் ஒரு கருத்தினை வெளியிடுமாறு எம்மைத் தூண்டிற்று. பழைய மாணவரும், இன்று பயிலும் மாணவரும், ஆசிரியப் பெருமக்களும் ஒருங்கே படிக்கும் இம்மலரினும் அதற்குத் தக்க இடம் வேறில்லை.

இக்காலம் வினாக்கொத்தின் காலம் என்று கூறின் மிகையாகாது. பல்கலைக்கழக மாணவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுத வினாக்கொத்தோடு கிராமத்துக்கு வருகின்றனர். ஆசிரியர் பயிற்சி பெறுவோர் செயல்நிலை ஆய்வுக்காக வகுப்பில் அதனை வழங்குகின்றனர். திணைக்களங்களும் தொண்டு நிறுவனங்களும் தாம் செய்த வேலை பயன்பட்டதா என்பதை அறிய அதனையே நாடுகின்றன. கருத்தரங்கு ஒன்றுக்குச் சென்றாலும், தேநீருக்கு முன்னர் ஒரு தாளைக் கையில் தந்து கருத்துக் கேட்கின்றனர். இவ்வாறு கேட்கப்படுவோரின் நிலையில் நின்று இக்கருவியை நோக்குவார் மிகச் சிலரே. கேட்கப்பட்டே பழகிய ஊர் ஒன்றிற் பிறந்தவர்கள் என்ற உரிமையோடு அப்பக்கத்து நியாயத்தை ஈண்டு எடுத்துரைக்க முயல்கின்றோம்.

மன்னார்ப் பெருநிலப் பரப்பில், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களின் நடுவே அமைந்தது அடம்பன். 2008ஆம் ஆண்டுப் போரில் ஊர் பெயர்ந்தது. 2009இற் போர் ஓய்ந்தபின் மீண்டு வந்தோர் கூரையில்லாச் சுவர்களையும், கூரையும் சுவருமில்லா அத்திவாரங்களையுமே கண்டனர். ஓலையும் தகரமும் கொண்டு கொட்டில் அமைத்துக்கொண்டிருந்த நாள்களிலேயே படிவங்களும் வினாக்கொத்துக்களும் வரத் தொடங்கின. குடும்பத்தில் எத்தனை பேர், கிணறு உண்டா, ஆடு மாடு எத்தனை, மனம் எவ்வாறு இருக்கின்றது என ஒருவர் பின் ஒருவராக வந்து கேட்டனர். மக்கள் முகங்கோணாது விடை கூறினர். கேட்டவருட் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை.

இதனாற் சிலர், ‘வினாக்கொத்தே வேண்டாம், தாளை வைத்து மனிதரை அளக்க முடியுமா? நேரிற் பேசினாற் போதும்’ என்கின்றனர். இக்கூற்று எமக்கு உடன்பாடன்று. எண்ணப்படாத ஊர் தலைநகரத்தார் கண்ணுக்குத் தெரிவதில்லை. இலங்கையில் முதலாவது குடிசன மதிப்பீடு 1871ஆம் ஆண்டு நடைபெற்றது. 1981இல் நடைபெற்றதன்பின், 1991இல் நடைபெறவேண்டியது நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்ற மதிப்பீடு வடக்குக் கிழக்கின் ஏழு மாவட்டங்களில் நிறைவுறவில்லை. மன்னார் அவற்றுள் ஒன்று. மீண்டும் நாடு முழுவதும் எண்ணப்பட்டது 2012இலேயே. எனவே, 1982இல் மன்னாரிற் பிறந்த குழந்தையொன்று நாட்டின் முழுமையான கணக்கில் இடம்பெற்றபோது அதற்கு முப்பது வயதாகியிருந்தது. எம் வயதினர் பலர் அத்தகையோரே. பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர், மருத்துவமனைக்கு எத்தனை கட்டில் என்பன எண்ணிக்கையைக் கொண்டு தீர்மானிக்கப்படும் நாட்டில், எண்ணப்படாமை எத்துணைப் பெரிய இழப்பு என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இன்னுமொரு நன்மையும் உண்டு. நாவாற் கூற அஞ்சுவதைத் தாளிற் கூறுவோர் உளர். பெயர் எழுதாத தாள் நாணமுடைய மாணவனுக்கு ஒரு திரை. ஆசிரியரின் முகத்துக்கு நேரே ‘நீங்கள் கற்பிப்பது விளங்கவில்லை’ என்று சொல்லத் துணியாதவன், அதனைப் புள்ளடியாற் சொல்வான். ஆதலின் வினாக்கொத்தினைத் தள்ளுதல் அறிவுடைமையன்று. அதனை முறையறிந்து கையாளுகின்றோமா என்பதையே ஆராய்தல் வேண்டும்.

தமிழாசிரியராதலின் எமக்குத் தெரிந்த நூலிலிருந்தே அம்முறையைத் தேடினோம். ஆய்வு முறையியல் என்பது மேனாட்டாரிடமிருந்து வந்த கலை. அதனை மறுப்பார் இலர். ஆயினும் வினாவென்பது என்ன, விடையென்பது என்ன என்பதை ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துவைத்தார். வினா ஆறு வகைப்படும்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. இவற்றை மாணவர் பரீட்சைக்காக மனனஞ் செய்கின்றனர். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். ஆனால் இவ்வாறு வகையும் இன்றும் எம்மிடையே உயிரோடு உலாவுகின்றன.

ஆய்வாளர் கேட்பது அறியாவினா. தாம் அறியாததை அறியும்பொருட்டுக் கேட்கின்றார். கேட்கப்படுவோர் அதனை எவ்வினாவாகக் கொள்கின்றனர் என்பதே சிக்கல். கொட்டிலின் முன் நின்று ‘உங்களுக்கு வீடு உண்டா?’ என ஒருவர் வினவினால், அது கொடைவினாவாகவே செவியில் விழும். வீடு தருவதற்கன்றி வேறெதற்குக் கேட்பார்? எனவே உள்ளதைக் குறைத்துச் சொல்வதும், சொன்னபின் மாதக்கணக்கிற் காத்திருப்பதும் நிகழ்கின்றன. அதிகாரி ஒருவர் பக்கத்தில் நிற்கக் கேட்கப்படும் வினா ஏவல்வினாவாகிவிடும், ‘இத்திட்டத்தை விரும்புகின்றீரா?’ என்றால் ‘விரும்புக’ என்றே பொருள்படும். வகுப்பறையில் ஆசிரியர் கேட்கும் வினாவோ, பிள்ளைகளுக்கு எப்பொழுதும் அறிவினா. ஆசிரியர் விடையைத் தம் கையில் வைத்துக்கொண்டு சோதிக்கின்றார் என்றே அவர்கள் கருதுவர். கேட்டவர் ஒருவகை கருதிக் கேட்க, கேட்கப்பட்டவர் மற்றொருவகையாகக் கொண்டு விடையிறுத்தால், அவ்விடையைக் கூட்டிப் பெருக்கி நூற்றுவீதம் காண்பதால் யாது பயன்?

இவ்வுண்மையை யாம் நூலிற் படித்து அறிந்தோமல்லேம், தவறிழைத்தே அறிந்தோம். ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்திற் செயல்நிலை ஆய்வொன்று செய்ய நேர்ந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர் முப்பத்திருவர்க்குத் தமிழ் வாசிப்புப் பற்றிப் பத்து வினாக்கள் கொண்ட தாளினை வழங்கினோம். ‘வாசிப்பு உமக்கு விருப்பமா?’, ‘பாடநூலின் மொழி உமக்கு விளங்குகின்றதா?’ என்பன போன்ற வினாக்கள். ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் கட்டங்கள். ஏறத்தாழ அனைவரும் ‘ஆம்’ என்றே புள்ளடியிட்டிருந்தனர். எமக்கு ஏற்பட்ட பூரிப்பைச் சொல்ல வேண்டுவதில்லை. அழகிய வரைபடம் ஒன்றையும் வரைந்து அறிக்கையிற் சேர்த்தோம்.

சில வாரங்கள் கழிந்தபின், பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவனை அழைத்து, அத்தாளையே கையிற் கொடுத்து, “தம்பி, ஐந்தாம் வினாவை ஒருக்கால் வாசியும்” என்றோம். வேறொரு காரணத்துக்காகவே கேட்டோம். அவன் தாளையும் எம்மையும் மாறிமாறிப் பார்த்தான். பின்னர் தலையைக் குனிந்துகொண்டு, “சேர், எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பக்கத்தில இருந்தவன் போட்டதைப் பாத்துத்தான் நானும் போட்டனான்” என்றான். முகாமிலும் மரநிழலிலும் கழிந்த ஆண்டுகளில் அவனுக்கு எழுத்தறிவித்தார் எவருமிலர். வாசிப்பைப்பற்றி ஆராய எழுந்த எம் வினாக்கொத்து, வாசிக்கத் தெரியாத ஒருவனை ‘வாசிப்பில் விருப்பமுள்ளோர்’ கணக்கிற் சேர்த்து எம் கண்ணுக்கு மறைத்துவிட்டது. யாம் எழுதிய அறிக்கையோ நற்சான்று பெற்றது. அன்றிலிருந்து எத்தாளினையும் வழங்குமுன் அதனை வாய்விட்டு வாசித்துக் காட்டும் வழக்கத்தை மேற்கொண்டோம். அம்மாணவனை நாள்தோறும் பாடசாலை விட்டபின் அரைமணி நேரம் இருத்தி எழுத்தறிவித்தோம். ஆயினும், இவ்வாறு மறைக்கப்பட்டார் எத்தனை பேரோ என்னும் எண்ணம் எம்மை விட்டு நீங்கவில்லை.

வினாவின் நிலை இது. விடையின் நிலையை நோக்குவோம். நன்னூலார் விடை எட்டு வகை என்றார்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி. முதல் மூன்றும் நேரே விடையாவன. எஞ்சிய ஐந்தும் நேரல்லாதன. ஆயினும் அவற்றையும் அவர் விடையென ஏற்றுக்கொண்டார் என்பது கருதத்தக்கது. எம்மூர் உழவரிடம், ‘இவ்வாண்டு காலபோகம் செய்வீரா?’ என்று கேளுங்கள். ஒருவர், ‘நீரே வந்து செய்து பாரும்’ என்பார், அஃது ஏவல். ஒருவர், ‘செய்யாமல் இருப்பேனோ?’ என்பார், அது வினாதல். ‘சென்ற முறை வெள்ளம் கொண்டுபோயிற்று’ என்பது உற்றதுரைத்தல். ‘கடன் ஏறும்’ என்பது உறுவது கூறல். ‘உழுந்து போடுவேன்’ என்பது இனமொழி. ஐவரும் விடை கூறினர். வினாக்கொத்திலோ ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரு கட்டங்களே உள. உழவரின் வாழ்வு முழுவதும் கட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றது.

ஐந்து கட்டங்கள் அமைப்பதாலும் இது முற்றாகத் தீர்வதில்லை. அம்முறையை 1932இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிசு லைக்கேட்டு என்பார் வெளியிட்டார். முற்றாக உடன்படுதல் முதல் முற்றாக உடன்படாமை வரை ஐந்து படிகளாக மனப்பாங்கினை அளக்கும் அம்முறை உலகெங்கும் வழங்குகின்றது, பயனுடையதே. ஆனால், ‘பரவாயில்லை’ என்னும் எம்மவர் சொல்லை எப்படியில் வைப்பது? நன்று என்பதும் அதன் பொருள். பொறுத்துக்கொள்கின்றேன் என்பதும் அதன் பொருள். இதற்குமேற் கேளாதீர் என்பதும் அதன் பொருளாதல் உண்டு. அவ்வாறே ‘ஓம், ஓம்’ என்று தலையசைப்பவர் உடன்படுகின்றார் என்று கொள்ளலாகாது. நீர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றேன் என்பதற்கும் அவர் அதனையே சொல்வர். வீடு தேடி வந்தவரைத் தண்ணீர் கொடுத்து இருத்தியபின் அவர் முகம் வாடும்படி விடை கூறுதல் எம்மூர் வழக்கமன்று. இவ்விருந்தோம்பல் நூற்றுவீதத்துள் எவ்வளவு புகுந்துள்ளது என்பதை எந்த அட்டவணையும் காட்டாது.

ஈண்டு ஓர் அன்னையைப்பற்றிக் கூறாது மேற்செல்ல எமக்கு மனம் இடந்தரவில்லை. மீள்குடியேறிய தொடக்கக் காலத்தில் இளம்பெண் ஒருத்தி படிவத்தோடு வந்திருந்தாள். யாம் அயலில் நின்றோம். “அம்மா, வீட்டில எத்தனை பேர்?” என்று கேட்டாள். “அஞ்சு பேர் எண்டு எழுதுங்கோ பிள்ளை” என்றார் அன்னை. முற்றத்தில் இருந்தோர் நால்வரே. “மற்றவர் எங்கே?” என்றாள் அப்பெண். அன்னை வேலியைப் பார்த்தபடி, “வருவான்” என்றார். படிவத்தில் ‘உள்ளூரில் வசிப்பவர்’, ‘வெளியூரில் வசிப்பவர்’, ‘இறந்தவர்’ என்று மூன்று கட்டங்கள் இருந்தன. அப்பெண் நெடுநேரம் பேனாவைக் கையில் வைத்திருந்தாள். ஈற்றில் எதனை எழுதினாளோ அறியோம். மறுமுறை வேறொருவர் வந்து அதே வினாவை வினவியபோது அன்னை ‘நாலு’ என்றார். மகன் வாரான் என்று அவர் துணிந்துவிட்டாரல்லர். விளக்கிச் சொல்லச் சலித்துவிட்டார். ‘வருவான்’ என்பது உறுவது கூறல். எண்வகை விடையுள் ஏழாவது. இலக்கணம் அதனை விடையென ஏற்றது. படிவத்தில் அதற்கு இடமில்லை. இடமில்லாதபோது மனிதர் தம் விடையையே வெட்டிக் குறைத்துக்கொள்கின்றனர். வினாக்கொத்தினால் விளையும் தீங்குகளுள் இதுவே பெரிதென்பது எம் துணிபு.

மிகப் பலரைக் கேட்டுவிட்டால் இக்குறைகள் தாமே மறைந்துபோம் என்று எண்ணுவாரும் உளர். 1936இல் அமெரிக்காவில் ‘லிற்றறரி டைசெஸ்ற்’ என்னும் வார இதழ், குடியரசுத் தலைவர் தேர்தலை முன்னிட்டு ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குத் தாள் அனுப்பிற்று. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகள் வந்தன. அவற்றைக் கூட்டி, லாண்டன் வெல்வார் என்று அவ்விதழ் அறிவித்தது. உரூசுவெல்ற்று நாற்பத்தெட்டு மாநிலங்களுள் நாற்பத்தாறில் வென்றார். தொலைபேசி விவரக்கொத்திலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவுகளிலிருந்தும் முகவரி எடுத்தமையால், அவையிரண்டும் இல்லாத ஏழை மக்கள் பலர் விடுபட்டமையும், தாள் பெற்றவருள்ளும் ஒருசாராரே விடையனுப்பியமையும் இப்பிழைக்குக் காரணம் என்பர். அதே தேர்தலில் மிகக் குறைந்த தொகையினரை முறையாகத் தெரிந்து கேட்ட சியோர்ச்சு கலப்பு என்பார் முடிவைச் சரியாகக் கூறினார். இன்று கைப்பேசியில் இணைப்பை அனுப்பி விடை திரட்டும் எம் மாணவர் இதனை உளங்கொள்ளல் வேண்டும். கைப்பேசி இல்லாத வீடும், அலைவரிசை எட்டாத வயற்காணியும், எழுத்துக் கூட்டத் தெரியாத பின்வரிசை மாணவனும் அவ்விணைப்புக்கு அப்பால் உளர்.

நல்ல முயற்சிகள் இல்லாமலில்லை. இலண்டனிலுள்ள ஓர் ஆய்வு நிறுவகத்தின் தலைமையில் இயங்கிய பாதுகாப்பான வாழ்வாதார ஆய்வுக் கூட்டமைப்பு, கொழும்பிலுள்ள வறுமை ஆராய்ச்சி நிலையத்தோடு இணைந்து, மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய மூன்று மாவட்டங்களில் 2012இல் வினாக்கொத்தாய்வொன்றை நடத்திற்று. ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் விடை கூறின. தொழில், வருவாய், பாடசாலை, மருத்துவமனை ஆகியவற்றோடு, ஆட்சியாளர் உம் கருத்தினைப் பொருட்படுத்துகின்றனர் என்று நினைக்கின்றீரா என்பதும் கேட்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து, 2015இல், அதே குடும்பங்களைத் தேடிச் சென்று மீண்டும் கேட்டனர். கேட்டவர் திரும்பி வருதல் எம் மக்கள் அரிதிற் கண்ட காட்சி. ஒருமுறை மட்டும் கேட்போர்க்கு ஒரு நாளின் நிலையே புலப்படும். மீண்டு வந்து கேட்போர்க்கே வாழ்வு ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பது புலப்படும். இவ்வாய்வு இலங்கையோடு நேபாளம், பாகித்தான், உகண்டா, கொங்கோ ஆகிய நாடுகளிலும் நடைபெற்றது. இத்தகைய பன்னாட்டு ஆய்வுகளில் மொழிபெயர்ப்பின் பொறுப்பு மிகப் பெரிது. பிறமொழியில் எழுந்த வினாவைத் தமிழாக்கியபின், அத்தமிழை முதனூல் அறியாத வேறொருவர் மீண்டும் அம்மொழியிற் பெயர்த்து, இரண்டும் ஒத்துள்ளனவா என நோக்கும் வழக்கம் உண்டு. தமிழ் கற்றோர் ஆய்வுலகுக்கு ஆற்றக்கூடிய தொண்டு இஃதொன்று. இதனை இளைஞர் கருதுவாராக.

ஆய்விற் பங்குபற்றினோர்க்கு அதன் முடிபைத் தெரிவித்தல் உபகாரம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அஃது அவர்தம் உரிமையென உலகம் இன்று ஏற்றுக்கொண்டுள்ளது. உலக மருத்துவச் சங்கம் 1964இல் எல்சிங்கி நகரில் வெளியிட்ட பிரகடனம், மருத்துவ ஆய்வுக்கு உட்படுவோரின் இசைவு இன்றியமையாதது என வற்புறுத்திற்று. 2013இல் திருத்தப்பட்ட அதன் வாசகம், ஆய்வின் பொதுவான முடிபுகளை அறிந்துகொள்ளும் வாய்ப்புப் பங்குபற்றினோர் அனைவர்க்கும் அளிக்கப்படல் வேண்டும் என்கின்றது. அமெரிக்காவில் உரொக்குபெல்லர் பல்கலைக்கழகத்தார் முன்னின்று, பதினைந்து மருத்துவ ஆய்வு நிலையங்களிற் பங்குபற்றியோரிடமே, ‘ஆய்விலே உம்மை எவ்வாறு நடத்தினோம்?’ என்று வினாக்கொத்து மூலம் கேட்டனர். ஆய்வாளர் தம்மையே ஆராயுமாறு பிறரிடம் ஒப்படைத்த அச்செயல் போற்றுதற்குரியது. ஆய்வின் முடிபைத் தமக்கு அறிவித்தல் வேண்டும் என்னும் விருப்பம் அவ்விடைகளில் நன்கு புலப்பட்டது. அடம்பன் அன்னையும் அமெரிக்க நோயாளியும் வேண்டுவது ஒன்றே.

இவற்றால் யாம் வற்புறுத்துவது இதுவே: வினவுதல் கடன் கொள்ளுதல் போல்வது. ஒருவர் தம் நேரத்தையும், மறக்க விரும்பிய நினைவையும், வந்தவர்மேல் வைத்த நம்பிக்கையையும் எமக்குத் தருகின்றார். பெற்றதைத் திருப்பிக் கொடாதவர்க்கு மறுமுறை கடன் கொடுப்பார் இலர். கொடுத்தாலும் செல்லாக் காசே கொடுப்பர். சலிப்போடு இடப்படும் புள்ளடி அத்தகைய காசு. அதனைக் கொண்டு தீட்டப்படும் திட்டமும் கட்டப்படும் கட்டடமும் மக்களுக்கு உதவா.

ஆதலின், ஆய்வு செய்யப் புகும் இளைஞர்க்கு எம்மாலியன்ற சில சொல்லுவோம். வினாத்தாளினை முதலில் இரண்டொருவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுக; அவர் எங்கே தயங்குகின்றாரோ அங்கே வினாவைத் திருத்துக. தாம் யார், எதன்பொருட்டுக் கேட்கின்றார், இதனால் வீடோ பணமோ கிட்டுமா கிட்டாதா என்பதை முதலிலேயே ஒளியாது கூறுக. விடை கூற மறுப்பார்க்கு மறுக்கும் உரிமை உண்டென்பதையும் சொல்லுக. கட்டங்களுக்குக் கீழே, நேரல்லா விடை ஐந்துக்கும் வெற்றிடம் விடுக. ஈற்றில், ‘எம்மிடம் நீர் கேட்க விரும்புவது யாது?’ என்னும் வினா ஒன்றும் இருத்தல் நன்று. கேட்கப்பட்டவர் கேட்பவராகும் அவ்விடத்திலேதான் உரையாடல் தொடங்குகின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆய்வு முடிந்ததும் அதன் சாரத்தை ஒரு பக்கத்தில், பாமரர்க்கும் விளங்கும் தமிழில் எழுதி, அவ்வூர்ச் சனசமூக நிலையத்திலோ பாடசாலையிலோ வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை அங்கே வைத்து வருக. இதற்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை. ஒரு பேருந்துக் கட்டணமும் ஒரு பிற்பகலும் போதும்.

பழைய மாணவர் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. எம் கல்லூரியிற் படித்தோர் பலர் இன்று பல்கலைக்கழகங்களிலும் திணைக்களங்களிலும் பொறுப்பான பதவிகளை வகிக்கின்றனர். அவருள் ஆய்வு செய்வாரும் செய்விப்பாரும் உளர். கல்லூரி மாணவரிடம் வினாக்கொத்து வழங்க வருவோர், முடிபைத் தமிழில் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்ட பின்னரே வகுப்பறைக்குட் செல்லலாம் என்னும் நியமத்தைக் கல்லூரி மேற்கொள்ளுமாறு சங்கம் செய்வதாக. அவ்வறிக்கைகளுக்கென நூலகத்தில் ஒரு தட்டு ஒதுக்கப்படுவதாக. இவ்வழக்கம் ஓரிடத்தில் வேரூன்றின் அயற் பாடசாலைகளும் மேற்கொள்ளும். முதலாவதாக அத்தட்டில் இடம்பெறத்தக்கது, இம்மலரின்பொருட்டு எம்மிடம் திரட்டப்பட்ட விடைகளின் தொகுப்பே. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அதனை வாசித்துக் காட்டினால், பழைய மாணவர் யாவரும் மகிழ்வர். மாணவரும் ஆசிரியரும் அதனாற் பயன்பெறுவர்.

நிற்க. பதின்மூன்றாம் வினாவுக்கு யாம் இட்ட நடுக்கட்டப் புள்ளடி எம்மை உறுத்திக்கொண்டே இருந்தது. தாளைத் திருப்பியனுப்புமுன் அதன் பின்புறத்தில், ஒரே விளக்கைச் சுற்றி இருந்த எண்மரின் பெயரையும், இன்று உயிரோடில்லாத இருவரின் பெயரையும், திரி தூண்டிய ஆசிரியரின் பெயரையும் எழுதி, ‘பசித்திருந்தோம், ஆயினும் அவ்விடுதி இன்றேல் யாம் இல்லை’ என்று முடித்தோம். தொகுப்பவர் அதனை எக்கட்டத்திற் சேர்ப்பாரோ அறியோம். அடுத்த யூபிலியின்போது வரும் வினாக்கொத்தில் அதற்கென ஒரு வெற்றிடம் இருக்குமாயின் அதுவே எமக்குப் போதும்.

எம் கல்லூரி நீடு வாழ்க. கேட்பதில் தெளிவும், கேட்டபின் மீண்டு வரும் பண்பும் அதன் மாணவர்க்கு என்றும் வாய்ப்பதாக.